சுண்டெலியின் உடலுக்குள் நானோதுகளைப் பின்தொடர்வது: சிர்கோனியம்-89, பெட் ஸ்கேன், முதல்முறை செய்பவர்களுக்கு

செலுத்திய நானோதுகள் உடம்புக்குள் எங்கே போகிறது, எவ்வளவு போகிறது, எத்தனை நாள் தங்குகிறது? விலங்கைக் கொல்லாமல் இதற்கு எண்ணில் பதில் சொல்ல அணுக்கருப் படமெடுப்புக்கு இணையான முறை குறைவு. ஒளிரும் சாயத்தின் வெளிச்சம் சில மில்லிமீட்டர் திசுவைத் தாண்டுவதற்குள் மங்கிவிடும். பெட் ஸ்கேனில் கதிரியக்க அணு பாசிட்ரானை (நேர்மின் ஏற்ற எலக்ட்ரானை) விடும், அது எலக்ட்ரானோடு சேர்ந்து அழியும்போது காமா கதிர் கிளம்பும். அந்தக் காமா கதிரின் பெரும்பகுதி சுண்டெலியின் உடம்பைத் துளைத்து வெளியே வந்துவிடும். ஆனால் ஸ்கேனர் துகளைப் பார்ப்பதில்லை, துகளில் ஒட்டியிருக்கும் கதிரியக்க அணுவைத்தான் பார்க்கிறது. அணு கழன்று தன் வழியே போனாலும் படம் அழகாகத்தான் வரும். அதனால் கீழே வரும் வேலையில் பெரும்பங்கு, அந்த ஒட்டு நிற்கிறதா என்று திரும்பத் திரும்பச் சோதிப்பதுதான்.

எடுத்துக்காட்டாக ஒரே ஒரு துகளை எடுத்துக்கொள்கிறோம்: பெக் (பாலிஎத்திலீன் கிளைக்கால்) பூசிய, 100 நானோமீட்டர் அளவுள்ள லிப்போசோம், அதாவது கொழுப்புப் படலத்தாலான நுண்பை. அதில் சிர்கோனியம்-89 ஏற்றி, சுண்டெலியில் 3 நாள் பின்தொடர்கிறோம். வேறு துகள் வைத்திருப்பவர்களுக்கும் வரிசை இதுதான், வேதியியல் மட்டும் மாறும்.

எந்த ஐசோடோப்பு?

துகள் இரத்தத்தில் எவ்வளவு நேரம் சுற்றுகிறதோ, ஐசோடோப்பின் அரை ஆயுள் அதற்கு ஈடாக இருக்க வேண்டும். பெக் லிப்போசோம் சுண்டெலியில் ஒரு நாளுக்கு மேலும் இரத்தத்தில் தென்படும். 68 நிமிட அரை ஆயுள் கொண்ட காலியம்-68 அதற்குப் பயன்படாது. 110 நிமிடம் கொண்ட ஃப்ளூரின்-18-உம் அப்படித்தான். செம்பு-64 (12.7 மணி) ஒன்றரை, இரண்டு நாள் வரை தாக்குப்பிடிக்கும். சிர்கோனியம்-89-க்கு 78.4 மணி, ஆகவே ஒரு வாரம் வரை படம் எடுக்கலாம். ஸ்பெக்ட் கருவி (பாசிட்ரான் இல்லாமல், அணு நேரடியாக விடும் காமா கதிரைப் படமாக்குவது) மட்டும் இருந்தால் டெக்னீசியம்-99எம் (6 மணி), இண்டியம்-111 (2.8 நாள்) இரண்டில் ஒன்று.

மறுபக்கமும் உண்டு. சிறுநீரகம் வழியே சில மணி நேரத்தில் வெளியேறும் 5 நானோமீட்டர் துகளுக்குச் சிர்கோனியம்-89 போடுவது வீண். விலங்குக்கும் உங்களுக்கும் தேவையில்லாத கதிர்வீச்சு, கூண்டு முழுக்க நாள்கணக்கில் மாசு.

சிர்கோனியம்-89-இன் குறைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். 100 சிதைவில் ஏறத்தாழ 23-இல்தான் பாசிட்ரான் வரும். கூடவே 909 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமா கதிர் ஏறத்தாழ ஒவ்வொரு சிதைவிலும் வரும். அந்தக் காமாவைப் பாதியாகக் குறைக்கவே கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள ஈயம் வேண்டும். எக்ஸ்ரே அறையில் மாட்டும் ஈய ஏப்ரன் இங்கே சுமைதான், பாதுகாப்பு இல்லை. நீண்ட இடுக்கி, ஈயச் செங்கல், வேகமான கை, விரலில் மோதிர டோசிமீட்டர் ஆகியவைதான் காப்பு.

கை வைக்கும் முன்

இந்தியாவில் கதிரியக்கப் பொருளை வாங்கவும் கையாளவும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும். நிறுவனத்தில் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி இருக்க வேண்டும், வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் டிஎல்டி பேட்ஜ் (வாங்கிய கதிர்வீச்சைப் பதிவு செய்யும் அட்டை) வேண்டும். விலங்குப் பரிசோதனைக்கு நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் தனி. இரண்டு விண்ணப்பங்களிலும் விலங்கின் எண்ணிக்கை, ஒரு விலங்குக்கான மெகாபெக்கரல் (கதிரியக்க அளவின் அலகு), கழிவை எங்கே வைப்பீர்கள் என்பவை ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். பொருந்தாத விண்ணப்பம் மாதக்கணக்கில் சுற்றும்.

கதிரியக்கம் இல்லாமல் முழு வேலையையும் ஒருமுறை ஒத்திகை பாருங்கள். பிப்பெட் எங்கே, காலம் (column, கலவையைப் பிரிக்கும் பிசின் நிரப்பிய குழல்) எங்கே, குப்பைக் கூடை எந்தப் பக்கம் என்று கைக்குப் பழகியிருந்தால் நீங்கள் வாங்கும் கதிர்வீச்சு டோஸ் குறையும்.

துகளில் கொக்கி பொருத்துதல்

சிர்கோனியத்தைப் பிடித்துக்கொள்ளும் வழக்கமான கீலேட்டர் (உலோக அயனியைக் கவ்வும் மூலக்கூறு, நம் கொக்கி) டெஸ்ஃபெரியாக்சமின், சுருக்கமாக டிஎஃப்ஓ. லிப்போசோமுக்கு, டிஎஃப்ஓ இணைத்த டிஎஸ்பிஇ கொழுப்பை மொத்தக் கொழுப்பில் 0.3 மோல் விழுக்காடு சேர்த்தால் போதும். கொழுப்புப் படலம் செய்யும்போதே கலந்தால் பாதி டிஎஃப்ஓ உள்பக்கம் போய் வீணாகும். முடிந்த லிப்போசோமில் பிறகு செருகினால் எல்லாமே வெளிப்பக்கம் இருக்கும்.

அமீன் குழு உள்ள பாலிமர் துகள், சிலிக்கா, பெக் பூசிய இரும்பு ஆக்சைடு வைத்திருப்பவர்கள் ஐசோதயோசயனேட் வடிவ டிஎஃப்ஓவை வாங்கி, டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து, பிஎச் 8.5 முதல் 9 உள்ள பைகார்பனேட் கரைசலில் 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வினைபுரிய விடலாம். டிஎம்எஸ்ஓ மொத்தத்தில் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. வினைபுரியாத டிஎஃப்ஓவை டயாலிசிஸ் செய்தோ காலம் வழியாகவோ முழுவதும் நீக்க வேண்டும். மிச்சம் நின்றால் அடுத்த படியில் சிர்கோனியத்தை முதலில் பறிப்பது அந்த உதிரி டிஎஃப்ஓதான்.

டிஎஃப்ஓ மருத்துவத்தில் எதற்குப் பயன்படுகிறது என்று நினைத்துப் பாருங்கள். உடம்பில் மிதமிஞ்சிய இரும்பைப் பிடித்து வெளியேற்றத்தான். ஆய்வகத்திலும் அது இரும்பைக் கண்டால் விடாது. கணக்கு இது: 8 மைக்ரோமோல் கொழுப்பில் 0.3 விழுக்காடு என்றால் 24 நானோமோல் டிஎஃப்ஓ. ஒரு மில்லிலிட்டர் தாங்கல் கரைசலில் ஒரு மைக்ரோகிராம் இரும்பு கலந்திருந்தால் அது 18 நானோமோல், அதாவது இருக்கும் கொக்கிகளில் முக்கால்வாசி. நீங்கள் சேர்க்கப்போகும் சிர்கோனியமோ பிகோமோல் கணக்கில்தான் இருக்கும். எனவே எல்லாத் தாங்கல் கரைசலையும் உலோகத்தைப் பிடித்து நீக்கும் செலக்ஸ் பிசினில் போட்டு வடிகட்டுங்கள். உலோகக் கரண்டி வேண்டாம், பிளாஸ்டிக் போதும். கண்ணாடிக் குப்பியைவிடப் புதிய பாலிபுரோப்பிலீன் குழாய் நல்லது. லேபிளிங் (துகளில் சிர்கோனியம் ஏற்றும் வேலை) விளைச்சல் திடீரென்று 90-இலிருந்து 30-க்கு விழுந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது புதிதாகத் திறந்த தாங்கல் உப்பை.

லேபிளிங்

நான்கு சுண்டெலிக்கான அளவு இது. சிர்கோனியம்-89 வழக்கமாக 1 மோலார் ஆக்சாலிக் அமிலத்தில் வரும். அதில் 40 மெகாபெக்கரல், 40 மைக்ரோலிட்டரில் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

1. அதில் 2 மோலார் சோடியம் கார்பனேட் 18 மைக்ரோலிட்டர் சேர்த்து 3 நிமிடம் விடுங்கள். கார்பன் டை ஆக்சைடு நுரைக்கும். குழாயின் மூடியைத் திறந்தே வையுங்கள். மூடி வைத்தால் திறக்கும்போது துளி தெறிக்கும், அந்தத் துளி கதிரியக்கத் துளி.

2. பிஎச் 7.1 முதல் 7.3 வரையுள்ள 0.5 மோலார் ஹெப்பெஸ் தாங்கல் கரைசல் 60 மைக்ரோலிட்டர் சேருங்கள். ஒரு மைக்ரோலிட்டரைப் பிஎச் தாளில் தொட்டுப் பாருங்கள். 6.8-க்கும் 7.4-க்கும் இடையில் இருக்க வேண்டும். குறைந்தால் டிஎஃப்ஓ பிடிக்காது. கூடினால் சிர்கோனியம் ஹைட்ராக்சைடாகத் திரண்டு கூழ்மமாகிவிடும். இந்தக் கட்டத்தில் பாஸ்பேட் தாங்கல் கரைசலைக் கிட்டவே கொண்டுவராதீர்கள், சிர்கோனியம் பாஸ்பேட்டாகப் படிந்துவிடும்.

3. ஹெப்பெஸில் உள்ள லிப்போசோம், 20 மில்லிமோலார் கொழுப்பு, 400 மைக்ரோலிட்டர் சேருங்கள். 37 டிகிரியில் ஒரு மணி நேரம், மெல்லக் குலுக்கியபடி வையுங்கள். வேகம் வேண்டும் என்று 60 டிகிரிக்கு ஏற்ற வேண்டாம். லிப்போசோமில் உள்ள டிஎஸ்பிசி கொழுப்பின் நிலைமாற்ற வெப்பநிலை (படலம் இளகும் சூடு) 55 டிகிரி, அதைத் தாண்டினால் உள்ளே அடைத்த மருந்து கசியும்.

4. 50 மில்லிமோலார் இடிடிஏ (இன்னொரு கீலேட்டர்) 50 மைக்ரோலிட்டர் சேர்த்து 5 நிமிடம் விடுங்கள். மேற்பரப்பில் சும்மா ஒட்டிக்கொண்ட சிர்கோனியத்தை இது உரித்து எடுக்கும். இந்தப் படியைத் தவிர்க்க ஆசை வரும், ஏனென்றால் இதனால் விளைச்சல் எண் குறையும். ஆய்வகத்தில் உரியாதது விலங்கின் இரத்தத்தில் உரியும், அப்போது அதைத் திருத்த வழியில்லை.

5. பிடி-10 காலத்தை உடல் அளவு உப்புச் செறிவுள்ள தாங்கல் கரைசலில் 25 மில்லிலிட்டர் விட்டுக் கழுவுங்கள். முதலில் லேபிள் இல்லாத லிப்போசோம் கொஞ்சம் ஓட்டிக் கழுவிவிட்டால் பிசினில் துகள் ஒட்டி இழப்பது குறையும். கலவையை ஏற்றி, தாங்கல் கரைசல் விட்டு, முதல் 2.5 மில்லிலிட்டரைத் தனியே ஒதுக்குங்கள். அதன்பின் அரை மில்லிலிட்டர் கணக்கில் பிடியுங்கள். துகள் முதலில் வரும், உதிரிச் சிர்கோனியமும் இடிடிஏவும் பின்னால் வரும். சூடான, அதாவது கதிரியக்கம் மிகுந்த, பின்னங்களை (தனித்தனியாகப் பிடித்த பகுதிகளை) சேர்த்தால் சுமார் 1.2 மில்லிலிட்டர் கிடைக்கும்.

விளைச்சல் 85 விழுக்காடு என்றால் ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 28 மெகாபெக்கரல், 150 மைக்ரோலிட்டரில் 4 மெகாபெக்கரலுக்குச் சற்று மேல், கொழுப்பு ஏறத்தாழ ஒரு மைக்ரோமோல். ஒரு சுண்டெலிக்கு இது சரியான அளவு.

இந்த இடத்தில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது கண்ணைத் திறக்கும். 4 மெகாபெக்கரல் சிர்கோனியம்-89 என்பது 1.6 லட்சம் கோடி அணுக்கள். 100 நானோமீட்டர் லிப்போசோம் ஒன்றில் சுமார் 80,000 கொழுப்பு மூலக்கூறுகள் இருப்பதால், ஒரு மைக்ரோமோல் கொழுப்பில் 7.5 லட்சம் கோடி லிப்போசோம்கள் இருக்கும். ஆக நான்கைந்து துகளில் ஒன்றுதான் சிர்கோனியம் சுமக்கிறது, மற்றவை படத்தில் இல்லை. சுமக்கும் துகளும் சுமக்காத துகளும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்ற அனுமானத்தின் மீதுதான் முழுப் படமும் நிற்கிறது. இந்த அனுமானம் நிற்க வேண்டுமானால் கொக்கி பொருத்தியதில் துகளின் அளவோ மின்னேற்றமோ மாறியிருக்கக் கூடாது. அதை டிஎல்எஸ் கருவியில் (ஒளிச்சிதறலால் துகளின் அளவைக் காட்டுவது) சோதியுங்கள். கதிரியக்கத் துகளை அந்தக் கருவியில் வைக்க முடியாது. சிதையும்வரை காத்திருக்கலாம் என்றால் பத்து அரை ஆயுளுக்கு 33 நாள் ஆகும், லிப்போசோம் அதற்குள் கிழடாகிவிடும். கதிரியக்கமற்ற சிர்கோனியம் குளோரைடைச் சிறிதளவு போட்டு இன்னொரு தொகுதி இதே போலச் செய்து அதை அளப்பதே வழி.

துகள் எண்ணிக்கையைக் குறைத்து மெகாபெக்கரலை மட்டும் வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். கூடாது. கல்லீரலின் குப்ஃபர் செல்கள் கொஞ்சமாக வரும் துகளை ஏறக்குறைய முழுவதும் விழுங்கிவிடும். சுண்டெலிக்கு ஒரு லட்சம் கோடித் துகளைத் தாண்டினால்தான் அந்தச் செல்கள் திணறிப்போய்ப் புற்றுக்கட்டிக்குப் போகும் பங்கு கூடுகிறது என்று 2020-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. சிகிச்சைக்கு எவ்வளவு துகள் கொடுக்கப்போகிறீர்களோ படத்துக்கும் அவ்வளவே கொடுங்கள்.

தூய்மைச் சோதனையும் சீரமும்

ஐடிஎல்சி பட்டை (கரைப்பான் ஏறும்போது கலவையைப் பிரிக்கும் மெல்லிய பட்டை), ஒரு சென்டிமீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் நீளம். அடியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் மேலே ஒரு மைக்ரோலிட்டர் புள்ளி வையுங்கள். 50 மில்லிமோலார் இடிடிஏ, பிஎச் 5, இதில் ஓடவிடுங்கள். துகள் புள்ளியிலேயே நிற்கும், உதிரிச் சிர்கோனியம் கரைப்பானோடு உச்சிக்குப் போகும். பட்டையை இரண்டாக வெட்டிக் காமா எண்ணியில் எண்ணுங்கள். விலங்கில் ஏற்ற 95 விழுக்காடு வேண்டும்.

இதில் ஒரு பொறி. கூழ்மமாகத் திரண்ட சிர்கோனியமும் புள்ளியிலேயே நிற்கும். பட்டை 98 விழுக்காடு தூய்மை என்று காட்டும், விலங்கில் ஏற்றினால் கல்லீரல் மட்டும் பளிச்சென்று எரியும், நீங்களும் துகள் கல்லீரலுக்குப் போகிறது என்று எழுதிவிடுவீர்கள். டிஎஃப்ஓ இல்லாத அதே லிப்போசோமை அதே படிகளில் ஓட்டிப் பாருங்கள். அதிலும் புள்ளியில் 5 விழுக்காட்டுக்கு மேல் நின்றால் நீங்கள் பார்ப்பது கொக்கி பிடித்தது அல்ல. பிஎச்சையும் கார்பனேட் அளவையும் திருத்திவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

அடுத்தது சீரம். லேபிள் செய்த துகளைப் பாதிக்குப் பாதி சுண்டெலிச் சீரத்தோடு கலந்து 37 டிகிரியில் வைத்து, 1, 4, 24, 72 மணியில் எடுத்து அளவுப் பிரிப்புக் காலத்தில் ஓட்டுங்கள். இங்கே பிடி-10 உதவாது. புரதத்தோடு ஒட்டிக்கொண்ட சிர்கோனியமும் துகளும் அதில் சேர்ந்தே வந்துவிடும். செஃபரோஸ் சிஎல்-4பி போன்ற பெரிய துளைப் பிசின் வேண்டும். மூன்றாம் நாள் 90 விழுக்காடு துகளோடு நின்றால் தாராளமாக விலங்குக்குப் போகலாம். 70 என்றால் மூன்றாம் நாள் படத்தை நம்பாதீர்கள்.

ஒப்பீட்டுக் குழுக்கள்

துகள் செலுத்திய நான்கைந்து விலங்குகளோடு இன்னும் இரண்டு சிறு குழுக்கள் கட்டாயம். ஒன்றுக்கு நடுநிலையாக்கிய வெறும் சிர்கோனியம்-89. இது எலும்பில் போய் உட்காரும். முழங்கால், தோள்பட்டை, முதுகெலும்பு எல்லாம் ஒளிரும். இன்னொன்றுக்கு டிஎஃப்ஓவில் மட்டும் பிடித்த சிர்கோனியம். இது ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் சிறுநீர்ப்பையில் நிற்கும். இந்த இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்தால்தான் உங்கள் துகளின் படத்தை வாசிக்க முடியும். விலங்கு எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லி நெறிமுறைக் குழு கேட்டால் துகள் குழுவில் ஒன்றைக் குறையுங்கள், இவற்றை விடாதீர்கள்.

ஊசி

வால் சிரையில்தான் ஏற்றுவோம். வாலை 38-40 டிகிரி வெந்நீரில் ஒரு நிமிடம் வைத்தால் சிரை விரியும். 29 அல்லது 30 கேஜ் ஊசியுள்ள இன்சுலின் சிரிஞ்சு போதும். வாலின் நுனிப்பக்கமாகத் தொடங்குங்கள். முதல் குத்து தவறினால் உடம்புப் பக்கமாக மேலே நகர இடம் இருக்கும். பிஸ்டன் தடையில்லாமல் போக வேண்டும். தோல் வெளுத்து உப்பினால் வெளியே கசிகிறது, உடனே நிறுத்துங்கள். ஒரு சுண்டெலிக்கு 200 மைக்ரோலிட்டரைத் தாண்ட வேண்டாம், காற்றுக் குமிழும் கூடாது.

சிரிஞ்சை ஏற்றும் முன்பும் பின்பும் டோஸ் அளவியில் வைத்து, நேரத்தோடு எழுதுங்கள். நுனியிலும் ஊசியின் வெற்றிடத்திலும் நிற்பது சில சமயம் 5, 10 விழுக்காடு. இதைக் கழிக்காதவர்களின் எல்லா எண்ணும் அதே அளவுக்குக் குறைவாக வரும். டோஸ் அளவி, ஸ்கேனர், காமா எண்ணி மூன்றின் கடிகாரமும் ஒன்றாக ஓடுகிறதா என்று காலையிலேயே பார்த்துவிடுங்கள்.

ஸ்கேன்

ஐசோஃப்ளூரேன் ஆக்சிஜனில் கலந்து, மயக்க 3 முதல் 4 விழுக்காடு, தக்கவைக்க 1.5 முதல் 2. படுக்கையின் சூடு 37 டிகிரி. சூடு குறைந்தால் இரத்த ஓட்டம் குறைந்து துகளின் பரவலே மாறிவிடும். கண்ணில் களிம்பு தடவுங்கள். மூச்சு நிமிடத்துக்கு 40-க்குக் கீழே போனால் மயக்க மருந்தைக் குறையுங்கள்.

1 மணி, 4 மணி, 24, 48, 72 மணி ஆகிய வேளைகளில் எடுங்கள். முதல் நாள் 10-15 நிமிடம் போதும். 72 மணியில் கதிரியக்கம் 53 விழுக்காடாகக் குறைந்திருக்கும், எனவே 25-30 நிமிடம் வையுங்கள். ஆற்றல் சாளரம் (கருவி எண்ணும் காமாவின் ஆற்றல் வரம்பு) 350 முதல் 650 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை. ஒவ்வொரு முறையும் சிடி ஒன்று. கதிர்த் தடுப்பைத் திருத்தவும், உறுப்பை அடையாளம் காணவும் அது வேண்டும். வாலும் படத்துக்குள் வரும்படி படுக்க வையுங்கள். வாலில் 10 விழுக்காட்டுக்கு மேல் நின்றால் அந்த விலங்கை இரத்த ஓட்டக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அதற்கான வரம்பை முன்கூட்டியே எழுதிவைத்துவிடுங்கள், படத்தைப் பார்த்த பிறகு முடிவெடுப்பது ஆசைக்கு இடம் கொடுக்கும்.

ஸ்கேனரை அளவுப்படுத்த, அதே ஐசோடோப்பைத் தெரிந்த அளவில் நிரப்பிய 20 அல்லது 50 மில்லிலிட்டர் குழாயை ஒருமுறை படமெடுங்கள். ஃப்ளூரின்-18-க்குப் போட்ட காரணியை அப்படியே சிர்கோனியத்துக்குப் பயன்படுத்தினால், பாசிட்ரான் பங்கு 97-க்கும் 23-க்கும் உள்ள வேறுபாடு முழுவதும் உங்கள் எண்ணில் ஏறிவிடும்.

படத்திலிருந்து எண்ணுக்கு

கேட்கும் எண்: ஒரு கிராம் திசுவில், செலுத்திய மொத்தத்தில் எத்தனை விழுக்காடு. திசுவின் அடர்த்தி ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு கிராம் என்று வைத்துக்கொள்வோம்.

செலுத்தும் முன் சிரிஞ்சில் 4.20, பின் 0.25. செலுத்தியது 3.95 மெகாபெக்கரல். 24 மணியில் சிர்கோனியம்-89-இல் 80.9 விழுக்காடு மிஞ்சும், ஆக 3.19. அந்த நேரத்தில் கல்லீரலில் ஒரு மில்லிலிட்டருக்கு 0.48 மெகாபெக்கரல் என்று படம் சொன்னால், 0.48-ஐ 3.19-ஆல் வகுக்க 15 விழுக்காடு. 3.95-ஆல் வகுத்தால் 12 என்று தவறாக வரும். 72 மணியில் இதே தவறு எண்ணைப் பாதியாக்கும், துகள் கல்லீரலை விட்டு வெளியேறுவது போலப் பொய்யான வளைகோடும் கிடைக்கும். சில மென்பொருள்கள் ஸ்கேன் தொடங்கிய நேரத்துக்கும், சில ஊசி நேரத்துக்கும் சிதைவைத் திருத்தித் தரும். எது என்று தெரியாமல் கணக்கிட்டால் இரண்டுமுறை திருத்தியிருப்பீர்கள்.

எளிய தணிக்கை ஒன்று: ஒரு மணிப் படத்தில் முழு உடம்பையும், சிறுநீர் கழித்திருந்தால் அதையும் கூட்டுங்கள். செலுத்தியதோடு 10 விழுக்காட்டுக்குள் ஒத்துப்போக வேண்டும். போகவில்லை என்றால் உறுப்புக் கணக்குக்குள் இறங்காதீர்கள்.

உறுப்பின் எல்லையைச் சிடியில் வரையுங்கள், பெட் படத்தின் வண்ணத்தைப் பார்த்து வரையாதீர்கள். சிறு விலங்குப் பெட் கருவியின் கூர்மை 1 முதல் 2 மில்லிமீட்டர். 3 மில்லிமீட்டர்ப் புற்றுக்கட்டியின் எண் உண்மையைவிடக் குறைவாகவே வரும். கல்லீரலை ஒட்டிய எதுவும் கல்லீரலின் வெளிச்சத்தைக் கடன் வாங்கிக்கொள்ளும். புற்றுக்கட்டியை எப்போதும் பின்னங்காலுக்கு அருகில் அல்லாமல் தோள்பட்டையில் வளர்த்தால் சிறுநீர்ப்பையின் தொல்லையும் இராது.

புற்றுக்கட்டியில் பெரிய எண் வரும் என்று எதிர்பார்த்து மனமுடைய வேண்டாம். பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளிவந்த கணிப்பில், புற்றுக்கட்டியை அடையும் நானோதுகளின் இடைநிலை அளவு செலுத்தியதில் 0.7 விழுக்காடுதான். அது முழுக் கட்டிக்கான எண், ஒரு கிராமுக்கானது அல்ல. இரண்டையும் கலந்து ஒப்பிடும் அறிமுகவுரைகள் ஏராளம்.

வெட்டி எண்ணுதல்

கடைசி ஸ்கேன் முடிந்ததும் விலங்கை முறைப்படி கருணைக்கொலை செய்து, முதலில் இதயத்திலிருந்து இரத்தம், பிறகு உறுப்புகளை எடுங்கள். உப்புநீரில் அலசி, தாளில் ஒற்றி, முன்பே எடை பார்த்த குழாயில் போட்டு எடை போடுங்கள். செலுத்திய கரைசலை நூறில் ஒன்றாக நீர்த்து மூன்று குழாயில் வைத்து, அதே ஓட்டத்தில் உறுப்புகளோடு எண்ணுங்கள். அப்போது சிதைவுத் திருத்தம் தானே அடங்கிவிடும். எண்ணியின் சாளரத்தை 909-ஐச் சுற்றி, 800 முதல் 1,000 வரை வையுங்கள். கல்லீரல் மிகச் சூடாக இருந்து எண்ணி திணறினால் ஒரு துண்டை மட்டும் எண்ணுங்கள், அல்லது இரண்டு நாள் விட்டு எண்ணுங்கள்.

ஒரு தொடை எலும்பை எடுத்து இரு முனையையும் வெட்டி, ஊசியால் உப்புநீர் பாய்ச்சி மஜ்ஜையைத் தனியே எடுங்கள். எலும்பையும் மஜ்ஜையையும் தனித்தனியாக எண்ணுங்கள். 10 நிமிட வேலைதான், ஆனால் இந்த முழுச் செய்முறையிலும் இதைவிடப் பயனுள்ள 10 நிமிடம் இல்லை. படத்தில் எலும்பு ஒளிர்ந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். சிர்கோனியம் கழன்று எலும்பின் தாதுவில் ஒட்டியிருக்கலாம். அல்லது முழுத் துகளே மஜ்ஜையின் விழுங்கு செல்களுக்குள் போயிருக்கலாம். ஸ்கேனரால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. எலும்பு ஓட்டில் எண் கூடினால் லேபிள் கழன்றது, மஜ்ஜையில் கூடினால் துகளின் இயல்பான போக்கு.

கல்லீரலிலும் இதே எச்சரிக்கை. விழுங்கிய செல்லுக்குள் லிப்போசோம் முதல் நாளே உடைந்திருந்தாலும் சிர்கோனியம் செல்லுக்குள்ளேயே சிக்கி நிற்கும். மூன்றாம் நாள் கல்லீரல் ஒளிர்வதால் துகள் முழுதாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. முழுதாக இருக்கிறதா என்பது முக்கியமானால் உள்ளே அடைத்த மருந்தைத் தனியே அளந்து ஒப்பிடுங்கள். இரும்பு, தங்கம் போன்ற மையமுள்ள துகள் என்றால் அதே திசுவில் ஐசிபி-எம்எஸ் (தனிமத்தின் அளவை அளக்கும் நிறமாலை முறை) போட்டுப் பாருங்கள். தங்கத்துக்கு இது எளிது. இரும்புக்கு உடம்பின் சொந்த இரும்பு குறுக்கே நிற்கும்.

கூண்டின் உமி, சிறுநீர்த் தாள், உடல்கள் அனைத்தும் ஐசோடோப்பு, தேதி எழுதிய பையில் போய், உடல்கள் உறைபெட்டியிலும் மற்றவை ஈய மறைவிலும் 33 நாளாவது இருக்க வேண்டும். பிறகு அளந்து, பின்னணி அளவுக்கு வந்ததைப் பதிவு செய்துவிட்டே அகற்றலாம்.

சிர்கோனியம் கிடைக்காதவர்களுக்கு

டெக்னீசியம்-99எம் ஜெனரேட்டர் (அந்த ஐசோடோப்பை அவ்வப்போது வடித்தெடுக்கும் கருவி) உள்ள மருத்துவமனை அருகில் இருந்தால், ஸ்டானஸ் குளோரைடால் (வெள்ளீய உப்பு) ஒடுக்கி லேபிள் செய்து ஸ்பெக்ட் எடுக்கலாம். ஒரு நாளுக்குள் முடியும் ஆய்வுக்கு இது மலிவானது, 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமாவுக்குச் சில மில்லிமீட்டர் ஈயமே தாராளம். ஸ்டானஸ் கரைசலை அன்றன்று புதிதாக, நைட்ரஜன் ஓட்டிய அமிலத்தில் செய்யுங்கள். நேற்றைய கரைசல் காற்றுப் பட்டு வீணாகியிருக்கும், ஒடுக்கப்படாத பெர்டெக்னிடேட் மிஞ்சும். அது தைராய்டிலும் இரைப்பையிலும் தெரியும், எனவே பிடிபட்டுவிடும்.

பிடிபடாதது மறுமுனை. ஸ்டானஸ் அதிகமானால் டெக்னீசியம் கூழ்மம் உருவாகும். அது கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் போகும், அதாவது நானோதுகள் போகும் அதே இடத்துக்கு. படம் முழுக்க நம்பும்படியாக இருக்கும். துகள் சேர்க்காமல் அதே ஸ்டானஸ், அதே டெக்னீசியம், அதே பிஎச்சில் ஒரு வெற்று வினை ஓட்டி, பட்டையில் புள்ளியில் நிற்கும் அளவைப் பாருங்கள். அது 5 விழுக்காட்டுக்குக் கீழே வரும்வரை ஸ்டானஸைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். விலங்கு அதற்குப் பிறகுதான்.